கோடியக்கரை பஸ்ஸில் ஒரு டீச்சர்

போன வாரம் பள்ளி நூலகத்தைத் தூசி தட்டிக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்பு யாழினி ஒரு நாவலை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றாள். "டீச்சர், இதுல வர்ற பொண்ணு தான் யாருன்னு தெரிஞ்சுக்க மலைக்குப் போறா. நீங்க எங்க போனீங்க?" கோடியக்கரைக்கு என்றேன். சிரித்துவிட்டாள். சிரிக்கட்டும், எனக்கே சிரிப்பு வருகிற கதைதான்.

அந்த மாதிரி நாவல்களை இருபது வயதில் நானும் விழுந்து விழுந்து படித்தவள். தோளில் ஒரு பை, தலைக்கு மேல் வானம், கடைசிப் பக்கத்துக்குள் ஒரு தெளிவு. அந்தத் தெளிவு எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. பி.எஸ்சி. முடித்திருந்தேன். சிங்கப்பூர் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம் என்று மட்டும் தோன்றியது. பின்னே என்னதான் வேண்டும் என்று அப்பா கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மலைக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் வரப்புதான் உயரம். அதனால் நிலம் முடிகிற கோடியக்கரை. கூட்டம் கூட்டமாகப் பறவைகளைப் பார்த்தால் மனசு தெளிந்துவிடும் என்று நினைப்பு. காலேஜில் சர்டிபிகேட் வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் ஓர் அக்கா. அலுமினியச் சட்டிதான் காலி, வாசனை காலியாகவில்லை. இன்றைக்கும் மீன் குழம்பு கொதித்தால் எனக்கு அந்த ஜன்னலோர சீட்டு ஞாபகம் வரும்.

"எந்த ஊரும்மா? யாரு வீட்டுப் பொண்ணு?"

எங்கள் பக்கத்து பஸ்ஸில் இதைக் கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. உண்மையைச் சொன்னால் இரண்டு ஸ்டாப்புக்குள் ஒரு உறவைக் கண்டுபிடித்துவிடுவார்கள், எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விடும். "மன்னார்குடி பக்கம்க்கா. டீச்சரா இருக்கேன்" என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

உடனே வாம்மா போம்மா எல்லாம் நின்றுபோனது. "அப்ப ஒண்ணு சொல்லுங்க டீச்சர். கடல் தண்ணி கரிக்குது. அதுலேர்ந்துதான் மழைங்கறாங்க. மழை மட்டும் ஏன் கரிக்கல?"

"உலையில உப்புப் போட்டு மூடினா, மூடியில முத்து முத்தா தண்ணி நிக்குமில்ல? அதை நாக்குல வச்சுப் பாருங்கக்கா. ஆவிதான் மேல போகும், உப்பு கீழயே தங்கிடும்."

கொஞ்சம் யோசித்தவர் முகம் மலர்ந்துவிட்டது. முன்சீட்டுக்காரரைத் தட்டி அதையே சொன்னார். அவருக்கு ஒரு சந்தேகம், பின்சீட்டில் இன்னொன்று. கடைசியில் நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக அதுவரை நான் எதையும் செய்ததில்லை.

கோடியக்கரையில் பேருக்கு ஒரு பறவைகூட இல்லை. வயல் காய்ந்து கிடக்கிற கோடையில்தானே எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஊர் சுற்ற ஒழியும். பறவைகளோ சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போதே வந்து, இருந்து, கிளம்பியும் போயிருந்தன. வெடித்த சேறும், என்னை முறைத்த ஒரு மட்டக்குதிரையும்தான் மிச்சம். சாயங்கால ட்ரிப்பில் அதே பஸ். "டீச்சர் எங்க இறங்கணும்?" என்று கண்டக்டர் ரொம்பப் பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவு எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டில் அப்பா காத்திருந்தார். "கண்டக்டர் போன் பண்ணான். என்கூட படிச்சவன். எந்த ஸ்கூல்ல டீச்சர் நீ?"

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "பி.எட். படிச்சா ஏதாவது ஒரு ஸ்கூல்லப்பா" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மழை ஏன் கரிக்கலைன்னு எனக்கும் சொல்லு."

சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? பொண்ணு படிக்கப் போறான்னு நாளைக்கே சொல்லிடறேன்."

அன்றிலிருந்து அப்பாவுக்கு நான் 'பொய் டீச்சர்'. வேலை கிடைத்த பிறகும் அதே பெயர்தான். ஒருநாள் எங்கள் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்திருந்தபோது, "பொய் டீச்சர், காபி கொண்டா" என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்கினார். இப்போது பஸ்ஸில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை, ஆளுக்கொரு போன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அப்பா இல்லை. ஊரே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது, துளியும் கேலி இல்லாமல்.