மகன் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

என் மகளுக்கு இருபத்தெட்டு வயது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பிறந்தாள். நான் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். என்னிடம் நீல ஐசி, அதாவது நீல அடையாள அட்டை இருக்கிறது. அவளிடம் பச்சை. பச்சை என்றால் இந்த நாட்டுக்காரி இல்லை. வேறு எந்த நாட்டுக்காரியும் இல்லை.

அதற்குக் காரணம் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி வேறு தோட்டத்துப் பெண். அந்தக் காலத்தில் லயத்தில் பிள்ளை பிறந்தால் வீட்டு ஆண் போய்க் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவர். அவர் பேர் கேட்டு எழுதி டவுனுக்கு அனுப்புவார். பத்திரம் வரும். என் மனைவி பிறந்த வாரம் அந்தத் தோட்டத்துக் கிராணி லீவில் இருந்தார். திரும்பி வந்த பிறகு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவ்வளவுதான். சாகும் வரைக்கும் அவளுக்குத் தாள் இல்லை.

கோயிலில் தாலி கட்டினேன். தோட்டமே வந்து சாப்பிட்டது. கல்யாணத்தைப் பதிய ஆபீஸுக்குப் போனோம். முதலில் இவளுடைய தாளைச் சரி பண்ணு, அப்புறம் வா என்றார்கள். நான் மறுபடி போகவில்லை. ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் எனக்கு வேலை. இலை நிறைய வரும் மாதம் அது. அடுத்த மாதம் போகலாம் என்று இருந்தேன். பிள்ளை பிறந்துவிட்டது.

பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவிடம் என்ன கார்டோ அதுதான். அம்மாவிடம் ஒன்றும் இல்லை. மகளுக்கும் ஒன்றும் இல்லை. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் என் பேர் இருக்கிறது. அதற்குக் கீழே, குடிமகள் அல்ல என்றும் இருக்கிறது. எனக்கு மலாய் சரியாக வாசிக்க வராது. அவள் பள்ளியில் சேரும்போதுதான் ஒருவர் வாசித்துச் சொன்னார்.

மூன்று முறை குடியுரிமைக்கு மனுப் போட்டோம். மூன்று முறையும் இல்லை என்று பதில் வந்தது. ஏன் என்று அதில் எழுதியிருக்காது.

அவள் நன்றாகப் படித்தாள். மேலே படிக்க இடம் கிடைக்கவில்லை. திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் பூக்கட்டு அடுக்குகிறாள். ஒரு மாப்பிள்ளை வந்தான். நல்ல பையன். பையனின் அம்மா, நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளையும் பச்சையாக நிற்கணுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதில் தப்பில்லை.

இனி துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பூனைக் கண். தலைமயிர் சோளநார் மாதிரி. என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்ன துரையின் பங்களாவில் தோட்ட வேலை செய்தார். துரை மாற்றலாகிப் போன பிறகு நான் பிறந்தேன். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் என் வீட்டில் வந்து அதைப் பேசமாட்டார்கள். பிள்ளைகள் பேசுவார்கள். தமிழ்ப் பள்ளியில் என்னைக் கண்டால் எழுந்து நின்று சலாம் தொரை என்பார்கள்.

ஒருநாள் உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா என்ன என்று கேட்டார். சொன்னேன். நாவிதரிடம் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் மொட்டை, அவருக்கும் மொட்டை.

"இப்ப ரெண்டு பேரும் ஒன்னுதானே," என்றார்.

அப்பா என்றால் என் அம்மாவைக் கட்டியவர். புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. கட்டும்போது அம்மா நாலு மாதம். தெரிந்துதான் கட்டினார். நான் பிறந்ததும் கிராணியிடம் போனார். அப்பன் பேர் என்ன போட என்று கிராணி சிரித்துக்கொண்டே கேட்டாராம். இவர் தன் பேரைச் சொன்னார். எழுதி முடிக்கும் வரை மேசைக்கு முன்னால் நின்றாராம். அவர் நீலக் கார்டு. அந்தக் காலத்தில் கோயிலில் கட்டிய தாலியே போதும், பதிய வேண்டியதில்லை. அதனால் எனக்கும் நீலம்.

ரத்தம் இல்லாதவர் போய் நின்றார். எனக்கு நாடு கிடைத்தது. நான் பெற்றவன். போய் நிற்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வேலை முடிந்து வந்த மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒன்னு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"அந்தத் தொரை எந்த ஊரு?"

இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் துரை என்ற சொல்லை எடுத்தது அன்றைக்குத்தான்.

"வெள்ளக்காரன். வேற என்ன ஊரு."

"அப்படி ஒரு ஊரு இல்லப்பா."

அம்மா இறந்தபோது பெட்டியில் துரையின் ஃபோட்டோ ஒன்று இருந்தது. பின்னால் இங்கிலீஷில் எழுத்து. நான் அதை என்ன என்று பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள். அதில் அவர் பேரும் ஊர்ப் பேரும் இருந்தன. ஊர் அயர்லாந்தில் இருக்கிறது. தாத்தா அங்கே பிறந்திருந்தால் பேரப்பிள்ளை அந்த நாட்டுக் குடியுரிமை கேட்கலாமாம். ஃபோனில் படித்திருக்கிறாள்.

"கெடச்சா நான் ஒரு நாட்டு ஆளுப்பா. எந்த நாடா இருந்தா என்ன," என்றாள்.

நான் செய் என்றேன்.

துரையின் பிறப்புப் பத்திரத்தின் நகலை யார் கேட்டாலும் அங்கே கொடுப்பார்களாம். எழுதிக் கேட்டாள். ஒரு மாதத்துக்குள் தபாலில் வந்தது. நல்ல கெட்டித் தாள். அந்த மனிதர் செத்து எத்தனை வருஷமோ தெரியாது. அவருடைய தாள் கடல் தாண்டி எங்கள் லயத்துக்கு வந்துவிட்டது. மகள் அதை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

தாத்தா பத்திரம் இருந்தது. மகள் பத்திரம் இருந்தது. நடுவில் இருப்பது என்னுடையது. அதில் துரை பேர் இல்லை.

ஈப்போவில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம்.

"ஐயா, ஒங்க பத்திரத்துல அப்பா பேரு வேற. நீங்க தொரை மகன்னு அவங்க எப்படி நம்புவாங்க?" என்றார்.

"என் மூஞ்சியப் பாத்தாலே தெரியும் லா."

"மூஞ்சிய கவர்ல போட்டு அனுப்ப முடியாதே ஐயா."

கடைசியில் ஒரு வழி சொன்னார். நான் அப்பாவுடைய மகன் இல்லை என்று நான் சத்தியப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இவன் என் மகன் இல்லை என்று அப்பாவும் எழுதித் தர வேண்டும். கொடுத்தாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முயற்சி பண்ணலாம் என்றார்.

அப்பாவுக்கு அப்போது எண்பத்தாறு வயது. எங்களோடுதான் இருந்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் நான் கேட்கவில்லை. நாலாவது நாள் மகளே கேட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து பிரஷர் மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தாத்தா, ஒரு தாள்ல கைநாட்டு வேணும்."

"என்ன தாளு?"

"அப்பா ஒங்க புள்ள இல்லன்னு எழுதணும்."

அவர் மாத்திரை பிதுக்குவதை நிறுத்தவில்லை.

"எழுதுனா ஒனக்கு ஐசி குடுப்பானா?"

"ஐசி இல்ல. அந்தத் தொரை ஊரு பாஸ்போர்ட்டு. அயர்லாந்து."

"இங்கிலீஸ்காரன் ஊருதானே?"

"இல்ல தாத்தா. அது வேற, இது வேற."

"அப்படியா. அந்த ஆளு ஒருநாளும் சொல்லலியே." கொஞ்சம் யோசித்தார். "குளிரா இருக்குமா?"

"இங்க மாதிரிதான். இன்னும் கொஞ்சம் கூட."

"அப்ப சரி. வெயில் ஊருன்னா நீ தாங்க மாட்ட."

பிறகு என்னைப் பார்த்தார்.

"இனிமே ஒன்ன என்னன்னுடா கூப்புடுறது? தொரைன்னா?"

மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் மாத்திரை டப்பாவை வாங்கி மூடி வைத்தேன்.

ஈப்போவுக்கு பஸ்ஸில் போனோம். திருவிழாவுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை அப்பா போட்டிருந்தார். சத்தியம் வாங்கி முத்திரை குத்துகிறவர் ஒரு வயதான தமிழர். ஒரு கடையின் மாடியில் சின்ன ஆபீஸ். தாளைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, ஐசில என்ன பேரு இருக்கோ அதத்தான் மேல போடணும். அது சட்டம்," என்றார்.

ஐசியில் எங்கள் பேர் அப்பா பேரோடுதான் இருக்கும். இன்னாருடைய மகன் இன்னார் என்று. அதனால் அந்தத் தாள் இப்படி ஆரம்பித்தது. இன்னாருடைய மகன் இன்னாராகிய நான் சத்தியமாகச் சொல்கிறேன், நான் இன்னாருடைய மகன் அல்ல.

அவர் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"புரிஞ்சுதுங்களா ஐயா?"

"புரிஞ்சுது," என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் கட்டைவிரலை மையில் வைத்தார்கள். மருந்து அடித்த கை. ரேகை தேய்ந்துவிட்டது. மூன்று முறை வைத்துத்தான் விழுந்தது.

திரும்பி வரும்போது மலை வளைவில் அவருக்குத் தலை சுற்றியது. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நாங்கள் இறங்கும் பிரிஞ்சாங் வந்ததும் எழுப்பினேன். வந்துட்டமாப்பா என்று கேட்டார். வந்துட்டோம்பா என்றேன். எழுதிக் கொடுத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

தாளெல்லாம் அனுப்பினாள் மகள். மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆனது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஃபோனில் பார்ப்பாள். நான் கேட்கமாட்டேன். அப்பாதான் கேட்பார்.

"ஒங்க ஊர்க்காரன் என்ன சொல்றான்?"

"பாத்துக்கிட்டு இருக்கான் தாத்தா."

"மெல்லப் பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

பதில் வருவதற்கு முன்னால் அப்பா இறந்துவிட்டார். காலையில் கஞ்சி குடித்தார். பதினோரு மணிக்கு இல்லை.

எனக்கு ஒரு தம்பி. அவன் அப்பாவுக்கே பிறந்தவன். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறான். நாங்கள் எழுதிக் கொடுத்ததை அப்பாவே அவனிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவன் வீட்டுக்கு வருவது குறைந்துபோனது.

எங்கள் பக்கம் அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைப்பான். அப்பாவுக்கு மூத்தவன். அம்மாவுக்கு அவன் வைத்துவிட்டான். இது என்னுடையது. நாவிதர் வந்தார். உட்கார்ந்தேன். தலையை நனைத்துவிட்டார். தம்பி வந்து எதிரில் நின்றான்.

"அண்ணே, நான் வைக்கிறேன்."

"அப்பாவுக்கு மூத்தவன்தானே வைக்கணும்."

"மூத்தவன்தான். ஆனா மகன் இல்லன்னு சத்தியம் பண்ணிட்டிங்களே. முத்திர குத்தி."

"அது தாளுப்பா."

"தாளுதான். அங்க அனுப்புறப்ப அது நெசம். இங்க மட்டும் பொய்யாண்ணே?"

அவன் சத்தமாகப் பேசவில்லை. அழுதுகொண்டுதான் கேட்டான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் எங்கேயோ பார்த்தார்கள். பங்காளி ஒருவர், பொணத்த வச்சிக்கிட்டு என்ன பேச்சு என்றார்.

அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதுகிறேன். பதில் இன்னும் வரவில்லை. நான் மகனாக நின்று கொள்ளி வைத்து, யாராவது ஃபோட்டோ எடுத்துப் போட்டு, அது அங்கே யார் கண்ணிலாவது பட்டால், மகளுக்குப் பாஸ்போர்ட் கிடைக்காமல் போகுமோ என்று பயந்தேன். இப்போது நினைத்தால் மடத்தனம். எங்கள் லயத்துச் சாவை அயர்லாந்தில் யார் பார்க்கப்போகிறார்கள். ஆனால் எனக்குத் தாளைப் பற்றி என்ன தெரியும். ஒருமுறை தாளை அசட்டையாக விட்டு மகளுடைய வாழ்க்கையைக் கெடுத்தவன். இன்னொரு முறை கெடுக்கக்கூடாது.

எழுந்துவிட்டேன். ஈரத் தலையோடு நின்றேன். தம்பி உட்கார்ந்தான்.

சுடுகாட்டுக்குப் போனேன். கூட்டத்தில் நடந்தேன். வாய்க்கரிசி போட்டேன். அது எல்லாரும் போடுவது.

மூன்று மாதம் கழித்து பதில் வந்தது. மகள் இங்கிலீஷில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். சத்தியப் பத்திரம் மட்டும் போதாது. என்னுடைய பிறப்புப் பத்திரத்தில் துரையின் பேர் இருந்தால்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

வக்கீலம்மாவுக்கு ஃபோன் பண்ணினாள். பத்திரத்தில் பேரை மாற்ற கோர்ட்டுக்குப் போக வேண்டும். துரை வீட்டு ஆளைத் தேடிப் பிடித்து, என் ரத்தத்தோடு ஒத்துப் பார்க்க ரத்தம் கேட்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். அப்பா பேரை எடுத்துவிட்டால் எனக்கு நீலக் கார்டு எப்படி வந்தது என்று கேள்வி வரலாம். நான் பிறந்தபோது என் அம்மாவிடமும் கார்டு இல்லை.

மகள் ஃபோனை வைத்தாள்.

"வேணாம்பா. ரெண்டு பேரும் பச்சையா நிக்க வேணாம்."

"நான் நிக்கிறேன். எனக்கென்ன இனி."

"வேணாம்னா விடுங்களேன்ப்பா."

சோறு போட்டாள். சாப்பிட்டோம். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"தாத்தாவுக்கு நீங்க கொள்ளி வச்சிருக்கலாம்பா."

"வச்சிருக்கலாம்."

அவள் கழுவிய தட்டை வாங்கித் துடைத்து வைத்தேன்.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். குடியுரிமைக்கு நாலாவது முறை மனுப் போட ஃபாரம் எடுக்கப் போனோம். அன்றைக்கு அப்பா நின்ற மாதிரி, மேசைக்கு முன்னால் நானே போய் நின்று கேட்டேன்.