முயல் கடித்ததா, கத்தரி கடித்ததா?

முட்டைக்கோஸ் பாத்தியில் குப்புறப் படுத்து, கைப்பையிலிருந்து எடுத்த முயல் தாடையெலும்பைக் கடிபட்ட நாற்றோடு பொருத்திப் பார்க்கிறாள் பல்லக்கா. பயிர்ச்சேத அலுவலகத்தில் அவளுக்கு நீளமாக ஒரு பதவிப்பெயர் உண்டு. வயல்காட்டில் அது செல்லாது; அங்கே அவள் வெறும் பல்லக்காதான். முயல் கடித்தால் தண்டு சாய்வாக, சுத்தமாக அறுபட்டிருக்கும். கத்தரிக்கோல் என்றால் இரண்டு பக்கமும் நசுங்கியிருக்கும். "பல்லு பொய் சொல்லாதுங்க. பல்லு வச்சிருக்கிறவங்கதான் சொல்லுவாங்க" என்பாள். வீட்டில் பாதி கடித்த பிஸ்கட் கிடைத்தால் எந்தப் பிள்ளை என்று சொல்லிவிடுவாள். பிள்ளைகள் இப்போது முழுசாக விழுங்கப் பழகிவிட்டார்கள்.

இந்த முயல் சாதி இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. எந்தக் காலத்திலோ ஒரு சீமான் ஆசைக்கு வளர்க்கக் கப்பலில் கொண்டுவந்த ஏழெட்டு ஜோடி, கூண்டைவிட்டுத் தப்பிப் பிள்ளையும் குட்டியுமாகப் பெருகிவிட்டது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது இதுதான். மூன்று பாத்தி போட்டால் ஒரு பாத்தி அதுகளுக்கு. சேதத்துக்கு ஈடாக அலுவலகம் நாற்றும் கம்பிவலையும் கொடுக்கத் தொடங்கியதுதான் தாமதம், சில வயல்களில் முயல்கள் கத்தரிக்கோல் பிடிக்கவும் கற்றுக்கொண்டன.

இன்று அவள் படுத்திருப்பது சொந்த அக்காவின் வயலில். நாற்பது பாத்தியும் நாசம் என்று எழுதிக் கொடுத்தவர் அக்கா புருஷன். ஒரு பாத்தி பொய் என்றாலும் விண்ணப்பம் மொத்தமும் தள்ளுபடி. நாற்று கிடைக்காவிட்டால் அக்கா வீட்டில் அடுப்பெரிவதே சந்தேகம். வேலியோரம் பன்னிரண்டு பாத்தியில் தாடையெலும்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. பதின்மூன்றாவதில் நசுங்கல். போதாக்குறைக்கு முயல் புழுக்கை வேறு.

முயல் ஒரே இடத்தில் குவியலாகப் போடும். இங்கே சாண் இடைவெளியில், நூல் பிடித்தாற்போல், இரண்டிரண்டாகக் கிடக்கிறது.

"என்ன மாமா, புழுக்கைய விதைச்சு வச்சிருக்கீங்க?"

"கைப்பழக்கம்மா, தானா வந்துருச்சு..." என்று உளறிவிட்டு மாமா நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

வரப்பில் உட்கார்ந்திருந்த அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள். "மிச்சத்தையாவது விட்டு வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே! முழுசாப் போனாத்தான் முழுசாத் தருவாங்கன்னு நல்ல நாத்தையும் வெட்டிட்டாரு."

"முயல் பன்னெண்டு, மாமா இருபத்தெட்டு. எதுக்கு முதல்ல வேலி போடணும்னு தெரியலையே!"

சொல்லிச் சிரித்துவிட்டுப் பல்லக்கா பாத்திகளைப் பார்க்கிறாள். அக்காவின் உழைப்பு அத்தனையும் அங்கே நறுக்குப்பட்டுக் கிடக்கிறது. ஆய்வுக் குறிப்பு எழுதும் முன்னால் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு சந்து உண்டு. அவள் நீட்டிய தாளை மாமா வாங்கி நாலாகக் கிழிக்கிறார்.

புதுத் தாளில் பன்னிரண்டு பாத்தி என்று அவளே எழுதுகிறாள். கையெழுத்துப் போட மாமா கையை நீட்டுகிறார். பல்லக்கா அவரைச் சுற்றிக்கொண்டு வரப்புக்கு நடந்து, பேனாவை அக்காவின் மண் ஒட்டிய விரல்களுக்கிடையில் வைக்கிறாள்.