இஸ்தான்புல் இறாக்கையில் என் கதை

மன்னார் நூலகத்தில் சஞ்சிகைப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவரை எல்லோரும் ‘மிஸ்’ என்போம். கட்டையாக வெட்டிய நரைமுடி, வெயிலில் கறுத்த முகம், காலில் எப்போதும் நடைச்சப்பாத்து. லீவு கிடைத்தால் தனியாக வெளிநாடு போய், அந்த ஊர்ச் சஞ்சிகையொன்றைக் கொண்டுவந்து எங்கள் நூலகத் தட்டான இறாக்கையில் வைப்பார்.

ஒருநாள் மிஸ் கொண்டுவந்த துருக்கிச் சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“உங்கட கதை வந்த எங்கட மன்னார்ச் சஞ்சிகையை இஸ்தான்புல் நூலகத்தில வைச்சிட்டு வந்தனான்,” என்றார்.

“கேட்டோ வைச்சனீங்கள்?”

“கேட்டால் விடாயினம். இறாக்கையில செருகிப்போட்டு வந்தனான்.”

“அங்க தமிழ் ஆர் மிஸ் வாசிக்கப்போறது?”

என் கையிலிருந்த சஞ்சிகையைப் பார்த்தார். “உங்களுக்குத் துருக்கிப் பாஷை தெரியுமோ?”

“இல்லை.”

“பிறகென்னத்துக்கு இவ்வளவு நேரமாப் புரட்டுறியள்?”

பாஸ்போட்கூட எடுக்காத நான், அன்று வீட்டுக்குப் போகையில் கடலுக்கு நடுவே போகும் தாம்போதி முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சைக்கிள் மிதித்தேன்.