கைகட்டி நின்றவனின் சாட்சி

என் பெயர் வீரராகவன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வேதியியல் ஆய்வகத்தில் பாதுகாப்பு அதிகாரி. உடன் பணியாற்றிய முனைவர் எஸ்தரைப் பற்றி, அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் ஒரு காலையில் தீயணைப்பான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஆரம்பாக்கத்திலிருந்து அவருடைய தந்தை அழைத்தார். “எஸ்தரு போயிடுச்சு சார்.” எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு? “மணி பாக்கல சார்” என்றார்.

தென்னமெரிக்கக் காட்டுத் தவளை ஒன்றின் தோலில் ஆல்கலாய்டு நஞ்சு இருக்கிறது. அது வலியைக் கொல்லும். அளவு சற்றுக் கூடினால் மூச்சையும் நிறுத்தும். அதன் உறவுச் சேர்மங்களைக் குடுவையில் உருவாக்கி, வலியைத் தணிக்கும் குணத்தை மட்டும் பிரித்தெடுக்க எஸ்தர் பல ஆண்டுகள் முயன்றார். “தவளை எறும்பைத் துன்னுட்டு, தோல்ல சேத்துக்கினு ஜம்முனு குந்திக்கினு இருக்குது. நமக்கு மட்டும் நைட்ரஜன் வேணும், உறைகுளிர் வேணும், உங்க கையெழுத்து வேற வேணும்” என்பார்.

இத்தகைய நஞ்சை எங்கள் ஆய்வகத்தில் எவரும் தனியாகக் கையாளக் கூடாது. ஒருவர் கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு வேலை செய்வார். மற்றவர் பின்னால் கைகட்டி நிற்பார். எதையும் தொடக் கூடாது. முன்னவருக்கு ஏதேனும் நேர்ந்தால் காப்பாற்ற, நஞ்சு படாத கை ஒன்று வேண்டும். எஸ்தருக்குப் பின்னால் நிற்பவன் நான். “சும்மா நிக்கறதுக்கு சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதான் சார்” என்று திரும்பிப் பாராமலே கேலி செய்வார்.

எஸ்தருக்கு வந்த புற்றுநோய் எலும்புக்குள் இறங்கிய பிறகு மருத்துவமனைக்குச் சென்றேன். கொடுத்த மருந்துகள் அவருடைய வலியை எட்டவில்லை. தந்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னா சார், வலிக்குத்தான மருந்து செய்யறேன்னு சொல்லிக்கினு இருந்துச்சு? ஒரு சொட்டு கூடவா இல்ல?”

இருந்தது. உறைபெட்டியில், அவர் பெயர் ஒட்டிய சிறு குப்பியில் இருந்தது. நான் பதில் தேடுமுன் எஸ்தரே கண்திறந்தார்.

“அது இன்னும் மருந்து ஆவல நைனா. வெசம்தான். சாரைக் கேக்காத.”

பிறகு என்னைப் பார்த்தார். “இங்கயும் கை கட்டிக்கினுதான் நிக்கிறீங்க.” அப்போதுதான் என் கைகளைக் கவனித்தேன். அவிழ்த்தேன். அவிழ்த்த கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

“ஆளில்லாத வெசம் பெட்டில இருக்கக் கூடாது சார்” என்று அவர் அடிக்கடி சொல்வார். விதியும் அதுவே. அவருடைய திட்டத்தைத் தொடர யாரும் இல்லை. குப்பியை அழித்துவிட ஆணை வந்துவிட்டது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்ற அந்த இடம்தான். நாளை நான் அதைவிட்டு முன்னே நகர்ந்து, கூண்டுக்குள் கையை விட்டு, அவர் செய்ததை அழிக்கப்போகிறேன். எனக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். எஸ்தரோடு வேலை செய்த உங்களில் யாரேனும் வாருங்கள். எதையும் தொட வேண்டாம், நின்றால் போதும்.