அப்பாவின் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

அப்பாவின் முட்டி வலிக்காக நீங்கள் எத்தனை முறை வேண்டிக்கொண்டீர்கள்? யோசித்துப் பாருங்கள். நம் அன்பிய ஜெபக் குழுவில் பதினான்கு குடும்பங்கள். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிறோம், பிறகு காபியும் பஜ்ஜியும் சாப்பிட்டுக் கலைகிறோம். மூன்று வருடங்களாக ஒரு கூட்டம் தவறாமல் அந்த முட்டி வந்தது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னீர்கள். நானும் சொன்னேன், ஃபோனை நோண்டிக்கொண்டே.

அப்பாவின் முட்டி நன்றாக இருந்தது. இரண்டு முட்டியுமே.

அவருக்கு இருந்தது மனச்சோர்வு. டாக்டர் சீட்டில் எழுதியிருக்கும் பெயர் அதுதான். அதை இங்கே எழுதாமல் விட்டால், அப்பா இந்த நினைவு மலரிலும் முட்டி வலிக்காரராகவே இருந்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். அப்பாவின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க அத்தை இந்த மலரைத் தயார் செய்கிறார். "நல்ல தமிழ்ல, மரியாதையா எழுதுடா" என்பது அவர் உத்தரவு. இன்று மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். ஃபோனில் வேகமாக டைப் செய்துகொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள், அத்தையைத் திட்டாதீர்கள்.

அப்பா பிறந்தது சாந்தோமில். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டில், அத்தைக்கு அடுத்துப் பிறந்தவர். அப்பாவுக்குப் பதினாறு வயதானபோது தாத்தா தவறிவிட்டார். அன்று அப்பா அழத் தொடங்கியபோது யாரோ ஒரு பெரியவர், "நீ போய் சேரை எடுத்துப் போடு, ஆளுங்க வர்றாங்க" என்று அனுப்பிவிட்டாராம். நாற்பது நாற்காலி போட்டு முடித்தபோது அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை என்று அத்தை சொல்வார். அதன் பிறகு கடைசிவரை அப்பா எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் நாற்காலி போடுவார். உங்களில் பல பேர் அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஐடிஐ படித்து, டர்னராக வேலைக்குப் போய், அங்கே கூட வேலை பார்த்த நண்பர் பாயோடு கூட்டாக ஈக்காட்டுத்தாங்கலில் சொந்தப் பட்டறை வைத்தார். இரண்டு லேத் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ரேடியோ. ஆற்றுத் தண்ணீர் பட்டறைக்குள் வந்த வருடம் மெஷினையெல்லாம் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி ஓட வைத்தார்கள். அப்போதெல்லாம் அப்பா அசரவில்லை. பள்ளியில் கணக்கு டீச்சரான அம்மாவைக் கட்டிக்கொண்டு, மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் வீடு வாங்கி, என்னைப் படிக்க வைத்தார். கோபம் வராது, குடி கிடையாது, யார் வீட்டு மோட்டார் ரிப்பேர் என்றாலும் ஸ்பேனரோடு போய் நிற்பார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது ஒரு ஞாயிறு, அன்பியம் எங்கள் வீட்டில். ஒவ்வொருவராகத் தங்கள் மன்றாட்டைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பெண்ணின் விசா, ஒருவர் பையனின் நீட் தேர்வு, ஒரு பாட்டியின் கண் ஆபரேஷன். அப்பா முறை வந்தது. எப்போதும் "உலக சமாதானத்துக்காக" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அன்று அப்படி முடிக்கவில்லை.

"எனக்காக வேண்டிக்குங்க. மூணு மாசமா மனசு சரியில்ல. காலைல எந்திரிக்கவே புடிக்கல. பட்டறைக்குப் போய் மெஷினைப் போடாம சும்மா ஒக்காந்துட்டு வந்துடறேன்."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பதினான்கு குடும்பமும் தரையைப் பார்த்தது. அந்த அமைதி எனக்கு அசிங்கமாக இருந்தது. அப்பா இப்படி எல்லார் முன்னாலும் சொல்கிறாரே என்று காது சூடாகிவிட்டது. நான் எப்போதும் செய்வதைச் செய்தேன்.

"அப்பா, சண்டே காலைல எனக்கும்தான் எந்திரிக்கப் புடிக்கல. எனக்கும் சேத்து வேண்டிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். செம சிரிப்பு. அப்பாடா என்று இருந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அத்தை உடனே காப்பாற்ற வந்தார்.

"அவனுக்கு முட்டி வலிங்க. அதான் காலைல எந்திரிக்க முடியல. சொல்லத் தெரியாம சொல்றான்."

மன்றாட்டுகளை நோட்டில் எழுதும் அங்கிள் பேனாவைத் திறந்தார். "முட்டியா? எந்தக் கால் பிரதர்?"

அப்பா அந்த நோட்டைப் பார்த்தார். "இடது" என்றார்.

அவ்வளவுதான். நோட்டில் ஏறிவிட்டது. நம் அன்பியத்தில் நோட்டில் ஏறிய மன்றாட்டு நிறைவேறும் வரை இறங்காது என்பது உங்களுக்கே தெரியும்.

அதன் பிறகு வந்த அன்புக்குக் குறைவில்லை. எங்கள் அலமாரியில் இன்றும் முட்டிக்கு மாட்டுகிற நீ-கேப் நான்கு இருக்கிறது. வேளாங்கண்ணி எண்ணெய் மூன்று பாட்டில். ஏதோ ஒரு மூலிகைப் பொடி, திறந்தால் வீடே நாறும். கோயில் வாசலில் கை குலுக்குகிற ஒவ்வொருவரும் "முட்டி எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அப்பா யாரையும் ஏமாற்ற விரும்பாதவர். இவ்வளவு பேர் வேண்டிக்கொள்கிறார்களே என்று, கோயில் காம்பவுண்டுக்குள் நுழையும்போது மட்டும் லேசாக நொண்டத் தொடங்கினார். சில வாரம் இடது, சில வாரம் மறந்துபோய் வலது.

"இன்னிக்கு எந்த முட்டிப்பா?" என்று நான் கலாய்ப்பேன்.

"இன்னிக்கு ரெண்டுக்கும் லீவுடா" என்பார்.

இது எங்கள் இருவருக்குமான ஜோக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டி வலி இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் என்ன இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

கடைசி ஒன்றேகால் வருடம், சில வியாழக்கிழமைகளில் மதியம் "முட்டிக்கு பிசியோ" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த நாட்களில் கொஞ்சம் தெளிவாகத் திரும்புவார். ரேடியோவைச் சத்தமாக வைப்பார். முட்டிக்கு நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைத்திருக்கிறார் என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

சென்ற வருடம் இதே மாதம், காலை பத்து மணிக்கு, பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. பாய் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நடந்தது இதுதான். இதற்குப் பின்னால் வேறு கதை எதுவும் இல்லை, தயவுசெய்து யாரும் கட்ட வேண்டாம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். அப்பா மறுபடி மெஷினைப் போடத் தொடங்கியிருந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அப்பாவின் மேஜையைக் காலி செய்யப் பட்டறைக்குப் போனேன். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். சும்மா இருக்க முடியாமல் நான்தான் ஆரம்பித்தேன். "முட்டி வலியோட இவ்வளவு நேரம் எப்படி நின்னு வேலை பாத்தாரு பாய்?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா முட்டி? உங்க நைனா அந்த லாஃப்ட்டுக்கு ரெண்டு ரெண்டு படியா ஏறுவாரு. முட்டிக்கு இன்னா கொறச்சல்? அவுருக்கு மன்சுதான் செரியில்ல. அடையார்ல டாக்டராண்ட போய்க்கினு இருந்தாரே, உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பாய் மேஜையின் கீழ் டிராயரிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்தார். பதினோரு சீட்டு. மனநல மருத்துவர். மாத்திரைகளுக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. அடுத்த முறை வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரவும். முதல் ஒன்பது சீட்டில் இருந்தது. கடைசி இரண்டில் இல்லை. டாக்டருக்கும் அலுத்துப்போயிருக்கும்.

"ஒருவாட்டி நானே கூடப் போனேன் தம்பி" என்றார் பாய். "டாக்டரு நீங்க யாருன்னாரு. கூட்டாளின்னேன். வூட்டு ஆளு வரணும்னாரு. வெளிய வந்தப்புறம் நான் கேட்டேன், டீச்சரம்மாவ இட்டுக்கினு வரலாமில்லன்னு. அவ பயந்துருவா பாய்ன்னாரு. செரி, புள்ளய இட்டுக்கினு வாயேன்யான்னேன்."

"என்ன சொன்னாரு?"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வுடு தம்பி."

"சொல்லுங்க பாய்."

"அவன் காமெடி பண்ணுவான் பாய்ன்னாரு."

அன்று பாலிதீன் பையில் அந்த ஃபைலைச் சுற்றி எடுத்துக்கொண்டு கிண்டி வரை நடந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை. நாற்பது பேர் சேர்ந்து வேண்டிக்கொள்கிற ஒரு மனிதர் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வேண்டிக்கொண்டதெல்லாம் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. இடது முட்டி வலிக்கிற யாரோ ஒருவருக்கு. அவருக்குச் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

அம்மா பதினோரு சீட்டையும் தேதி வாரியாக அடுக்கிப் படித்தார். அழவில்லை. "வியாழக்கிழமை எனக்குக் கடைசி ரெண்டு பீரியட் கிடையாது" என்றார். "போயிருக்கலாம்."

அத்தையிடம் இந்தக் கட்டுரையில் என்ன எழுதப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் ஒரு யுத்தம் நடந்தது.

"மலர்ல போய் இதெல்லாம் எழுதுவாங்களாடா? முட்டி வலியைப் பொறுமையா ஏத்துக்கிட்டாருன்னு ஒரு வரி போடு, போதும். நாளைக்கு உனக்குப் பொண்ணு பாக்க வேணாமா?"

"என் முடி கொட்டற வேகத்துக்கு அது எப்படியும் கஷ்டம்தான் அத்தை."

"எல்லாத்துக்கும் ஒரு நக்கல்."

அத்தை சொன்னது சரி. பிறகு அத்தை அப்பாவின் படத்துக்குப் போட்டிருந்த மாலையைச் சரி செய்துகொண்டே, திரும்பாமல் சொன்னார். "அன்னிக்கு முட்டின்னு சொன்னது நான்தான்டா. நாலு பேரு முன்னாடி அவன் மானம் போவுதேன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி சிரிக்க வெச்சது நான் அத்தை."

"எழுது. என் பேரைப் போடாத."

பேர் போடவில்லை. ஆனால் அப்பாவுக்கு இருப்பது ஒரே அக்கா. மன்னியுங்கள், அத்தை.

மாமாக்களே, சித்தப்பாக்களே, என் மச்சிகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் எத்தனை பேருக்கு முட்டி வலி? கேஸ் டிரபிள் என்று, பிரஷர் என்று, ஆபீஸ் டென்ஷன் என்று வேறு எதையோ நோட்டில் ஏற்றிவிட்டு உள்ளே ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். கூட்டத்தில் முடியாவிட்டால் வீட்டில் ஒருவரிடம், அதுவும் முடியாவிட்டால் டாக்டரிடம். அப்பாவுக்கு மருந்து வேலை செய்தது, நானே சாட்சி. கேட்கிறவர்களுக்கும் ஒன்று. யாராவது சொல்லும்போது அந்த அமைதி அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். ஜோக் அடித்து அதை மூடாதீர்கள். வேறு வலிக்கு மாற்றி எழுதாதீர்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள், போதும்.

இவ்வளவு பேசுகிறவன் என்ன செய்தான் என்று நீங்கள் கேட்பீர்கள். எட்டு மாதமாக எனக்கும் காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டு சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஆபீஸ் நண்பன், "என்ன மச்சி, டல்லா கீற?" என்று கேட்டால், "ஏசில படுத்து கழுத்து புடிச்சிக்கிச்சு மச்சி" என்பேன். அவன் ஒரு ஸ்பிரே வாங்கிக் கொடுத்தான். அதைக் கையில் வாங்கியபோது அலமாரியில் இருக்கும் நான்கு நீ-கேப் ஞாபகம் வந்தது.

போன ஞாயிறு அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். நக்கல் இல்லாமல், ஒரே மூச்சில். அம்மா குழாயை மூடினார். ஈரக்கையோடு அப்படியே நின்றார்.

"அப்புறம்?" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அப்பாவைத் தன் மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போன பாய்க்கு. அடக்கத்தன்று வெயிலில் நின்ற பட்டறைத் தெரு நண்பர்களுக்கு. பள்ளி ஆசிரியைகளுக்கு. பங்குத் தந்தைக்கு. இந்தக் கட்டுரையை அச்சிட விட்ட அத்தைக்கு. முகம் தெரியாத அந்த டாக்டருக்கு. நீ-கேப், எண்ணெய், பொடி கொடுத்த எல்லோருக்கும், நிஜமாகவே. நோட்டில் எழுதும் அங்கிளுக்கும் நன்றி. முட்டியை இனி அடித்துவிடலாம், அங்கிள். அந்த இடத்தில் என் பேரைப் போட்டு, மனசு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று வியாழக்கிழமை, மணி மூன்றேகால். அடையாறில் அந்த டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறேன். என் டோக்கன் பதினேழு, உள்ளே பதினாறு போயிருக்கிறது, பக்கத்து நாற்காலியில் அம்மா.