ஓடைப் பாதையில் கை தூக்கியவர்

மக்காச்சோளத்தை வளைவு தள்ளிப் பாதி ரோட்டில் காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திருச்சியிலிருந்து நஸ்ரின், ஜாபர் பாயின் மகள். "அத்தை, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். "எந்த ஓடையில விழுந்தாரு? வயசான காலத்துல பைக்க விட்டுடுங்க, விட்டுடுங்கன்னு எத்தனை தரம் சொன்னேன்!" என்று கத்தினேன். "ஓடையில இல்ல அத்தை, வூட்லதான். விடிகாலையில பஜ்ரு தொழுதுட்டு வந்து படுத்தாங்க, எந்திரிக்கல." போனைப் பிடித்தபடியே காய்கிற சோளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியோடு வருகிற பிள்ளைகளுக்குமாக இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரம்பலூரிலிருந்து காரை ஊருக்குப் போகிற பக்கம், மழை அறுத்த செம்மண் மேடும் ஓடையுமாக ஒரு பூமி கிடக்கிறது. வெள்ளாமைக்கு ஆகாது, ஆடு மேய ஆகும். கல்லைப் புரட்டினால் கிளிஞ்சல் ஒட்டியிருக்கும். ஒரு காலத்தில் கடல் இருந்த இடமாம். எங்களுக்கு அது ஆட்டுக் காடு. திருச்சி, சென்னை, பெங்களூரிலிருந்து பைக்கில் வருகிறவர்களுக்கு அது ஏறிக் குதிக்கிற மைதானம். இரண்டு பேருக்கும் உள்ளே போக ஒரே வண்டிப்பாதைதான் உண்டு. சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

பாய் திருச்சி பாலக்கரையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அவரை நான் முதலில் பார்த்தது அவர் வண்டிச் சாவியைப் பிடுங்கும்போதுதான். பாதையோரம் ஆடுகளை நிறுத்தியிருந்தேன். ஒரு வண்டி பறந்து போனது. புழுதி அடங்கியதும், தொல்லை விட்டது என்று ஆடுகளை விட்டேன். பின்னாலேயே இன்னொரு வண்டி வந்து ஒரு குட்டியின் காலை முறித்துவிட்டு நிற்காமல் போனது. மூன்றாவது வண்டியை நான் விடுவேனா? கம்பை நீட்டிக் குறுக்கே நின்றேன். நின்றவரின் ஹெல்மெட்டைக் கழற்றினால் வெள்ளைத் தாடி! "வெக்கமா இல்ல? பேரன் எடுக்கிற வயசுல பயலுவளோட சேந்துக்கிட்டு ஆட்டம் காட்ட வந்துட்டீங்க" என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் குட்டியைத் திரும்பிப் பார்த்தார். "எங்க பய செஞ்சதுதாம்மா. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், குட்டியக் குடுங்க" என்றார். குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ் ஏறிப் பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். ஆட்டுக்குட்டிக்கு லக்கேஜ் போடுவதா டிக்கெட் போடுவதா என்று கண்டக்டர் முழித்தாராம். "ஜன்னல் சீட்டு கேக்குதுங்க, டிக்கெட்டே போட்டுடுங்க" என்றாராம் பாய். சாயங்காலம் குட்டி மாவுக்கட்டோடு திரும்பி வந்தது. அதற்குள் என் மாமியார் அவர் வண்டி சீட்டின் மேல் மிளகாயைக் காயப்போட்டிருந்தார். "காயட்டும், பாவம்" என்று பாய் வெயில் இறங்கும்வரை காத்திருந்தார். திருச்சி போய்ச் சேரும்வரை எரிச்சல் தாங்கவில்லை என்று பிறகு அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த வாரமே மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டோம். பாதையின் வாயில் குறுக்கே ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டிவிட வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் கொளஞ்சி சொந்தமாகப் பொக்லைன் வைத்திருக்கிறான். விடிந்தால் வெட்டிவிடத் தயாராக இருந்தான். யாரும் கூப்பிடாமல் பாய் வந்து நின்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"பள்ளம் வெட்டுனா உங்க டிராக்டரும் அந்தப் பக்கம் போவாதுங்க. எங்க பசங்க உங்க சோளக் காட்டுக்குள்ள பூந்து வருவானுங்க. ஒரு வண்டி போனதும் அவ்வளவுதான்னு நெனச்சு இந்தத் தங்கச்சி ஆட்ட விட்டுச்சு. பின்னால எத்தன வருதுன்னு முன்னால போறவன் சொல்லியிருந்தா குட்டிக்குக் கால் போயிருக்குமா?" என்றார். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். ஒவ்வொருவனும் தனக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறதோ அத்தனை விரல் காட்ட வேண்டும். மூடிய கையைக் காட்டுகிறவன் கடைசி ஆள். அவன் போனபிறகு ஆட்டை விடலாம். "அஞ்சு விரலுக்கு மேல வண்டி வந்தா காலத் தூக்குவீங்களோ?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "சரிம்மா, அஞ்சுக்கு மேல பின்னால வரக் கூடாதுன்னே வச்சுக்குவோம்" என்றார்.

ஆடு பாதையில் நின்றால் இன்ஜினை அணைக்க வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது என்பதையும் அவரே சேர்த்துக்கொண்டார். "எவனாவது முறை தவறுனா பள்ளத்த வெட்டிடுங்க. கொளஞ்சித் தம்பி எதுக்கு, நானே வந்து பொக்லைன் ஓட்டுறேன்" என்றார். அந்தப் பேச்சில்தான் ஊர் மசிந்தது. நான் மசியவில்லை. எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன் என்றேன்.

பார்க்கவும் பார்த்தேன். தை மாதம், வரக் கூடாத மழை கருக்கிக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம். பாயின் ஆட்கள் அல்லாத வேறொரு கூட்டம் சென்னையிலிருந்து வந்து, வளைவில் காய்ந்த என் சோளத்தின் மேலேயே வண்டியை ஏற்றிச் சிதறடித்தது. நான் வாயை வைத்த வைப்பில் அவர்கள் நின்றார்கள். அதில் ஒருவன், "ரோடு என்ன உங்க களமா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பதில் யோசிப்பதற்குள் ஓடைப் பக்கமிருந்து பாய் வந்துவிட்டார். "களம் இல்லதான். ஆனா சோளம் காயற நேரம் பாதி ரோடு அவங்களுக்கு, பாதி நமக்கு. பாதி ரோட்டுல போவத் தெரியாதவன் எதுக்குப்பா இவ்வளவு பெரிய வண்டி வாங்குனே?" என்றார். அவன் தலை குனிந்தான். நான் வெற்றியோடு நிமிர்ந்தேன். உடனே என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீயும் வளைவுல காயப்போடாதே. திரும்புறவன் கண்ணுக்கு எப்புடித் தெரியும்?" என்றார். இரண்டு பக்கமும் குட்டு!

அதற்குள் தூறல் விழுந்துவிட்டது. பாய் முதலில் குனிந்தார். பிறகு அத்தனை பேரும் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அள்ளினார்கள். முட்டிக்குக் கவசம் போட்டிருந்ததால் மண்டி போட்டு அள்ள அவர்களுக்கு நல்ல வசதி. "கூலிக்கு இப்படி ஆள் கெடைக்காதே" என்று மாமியார் சாக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசிச் சாக்கை என் வீட்டு வாசலில் போட்டதும் மழை கொட்டியது. அந்த வருஷ வெள்ளாமையில் ஒரு மணிகூட வீணாகவில்லை. ஆனந்தத்தில் நான் அத்தனை பேருக்கும் டீ போட்டேன்.

அதற்குப் பிறகு ஊரே கையைத் தூக்கத் தொடங்கியது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் விரல் காட்டின. கல்யாணப் பந்தியில் முதலில் உட்காருகிறவர், பரிமாறுகிறவரிடம் விரலைக் காட்டிப் பின்னால் வருகிறவர்களுக்கு இலை போடச் சொன்னார். நான் ஒருத்திதான் பிடிவாதமாக இருந்தேன். பாய் விடமாட்டார். "நாங்க மட்டும் காட்டுனா போதுமா? உன் ஆடு முழுக்கத் தாண்டிருச்சுன்னு எங்களுக்கு யாரு சொல்றது? கடைசி ஆட்டுக்குப் பின்னால நீயும் ஒரு தடவை கையை மூடிக் காட்டேன்" என்பார். "பொறந்து வளந்த மண்ணு பாய். என் பாதையில நான் எதுக்குக் கை தூக்கணும்?" என்பேன். "இன்ஷா அல்லா, ஒருநாள் தூக்குவே" என்று சிரித்துக்கொண்டே, கடைசி ஆடு புதருக்குள் மறையும்வரை காத்திருந்து வண்டியைக் கிளப்புவார். கோபமே வராத மனுஷன்.

பாலக்கரைக்குப் போய் நஸ்ரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, கொளஞ்சி காத்திருந்தான். "பாய்தான் போயிட்டாரே அண்ணி, இனிமே எவன் கட்டுப்படுவான்? ஞாயித்துக்கெழம பொக்லைனக் கொண்டாந்து நிறுத்திடறேன். ஒருத்தன் கை தூக்காம போனாலும் வெட்டிடுவோம்" என்றான். பேசியது பேசியதுதானே, மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்பு பள்ளம் வெட்டத் துடித்தவள், இப்போது வெட்டாமல் இருக்க வேண்டுமே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆடுகளோடு பாதையோரம் நின்றேன். பொக்லைன் மேல் கொளஞ்சி. ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சத்தம் கேட்டது. முதலில் வந்தது பாயின் வண்டி. கம்பை ஊன்றி எட்டிப் பார்த்தேன். ஓட்டி வந்தவள் நஸ்ரின். இடது கையை உயரத் தூக்கினாள், ஐந்து விரலும் விரிந்திருந்தன. அடுத்தவன் நான்கு. அப்படியே குறைந்துகொண்டே வந்து, கடைசி ஆள் மூடிய கையைக் காட்டினான். அது யார் தெரியுமா? ரோடு என்ன உங்க களமா என்று அன்று கேட்டானே, அவனேதான். ஆடுகளைப் பார்த்ததும் வரிசையாக நின்று, ஒருவர்பின் ஒருவராக இன்ஜினை அணைத்தார்கள். என் ஆடுகளின் மணிச்சத்தம் மட்டும்தான் கேட்டது.

"இப்ப என்ன அண்ணி பண்றது?" என்றான் கொளஞ்சி, மேலே இருந்தபடி.

"என்னத்தப் பண்றது? டீயக் குடிச்சிட்டு ஓட்டிக்கிட்டுப் போடா!" என்றேன். ஊர் ஓவென்று கத்தியது. எனக்குக் கண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது.

ஆடுகளை விட்டேன். மாவுக்கட்டுப் போட்டு வந்த அந்தக் குட்டி இப்போது தாயாடு. லேசாகத் தாங்கித் தாங்கி அதுதான் கடைசியாகப் போகும். அதன் பின்னால் நானும் பாதையைத் தாண்டினேன். தாண்டியதும் திரும்பி நின்றேன்.

பாய், உங்கள் சாவியை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை மூடிக் காட்டினேன். நஸ்ரின் தலையை அசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.