பேரியம் எரியும் நிறம்

டெல்லியில் காலையில் எழுந்ததும் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, கைப்பேசியைப் பார்க்கிறார்கள். இன்றைக்குக் காற்று எப்படி என்று அதில் ஓர் எண் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் விடுதி மெஸ்ஸில் பராத்தாவைப் பிய்த்துக்கொண்டே கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அந்த எண்ணைச் சொல்லிக்கொள்கிறார்கள். காற்றுக்குக்கூட மார்க் போடுவார்கள் என்பது சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த எனக்குப் புதிது. ஊரில் அம்மா வாசலில் நின்று வானத்தைத்தான் பார்ப்பாள். வெயில் அடித்தால் வெடி காயும், வேலை உண்டு. மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வீடுதான். அம்மா பட்டாசு ஆலையில் மருந்து அடைப்பவள். வெடிக்குள் போகும் ரசாயனப் பொடியை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வார்கள்.

நான் இங்கே வந்தது பி.எஸ்சி. வேதியியல் படிக்க. ப்ளஸ் டூ வரை தமிழ் வழி. முதல் செமஸ்டரில் பொது வேதியியல்: அணு அமைப்பு, மோல் கணக்கு, வேதிப்பிணைப்பு. எல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனால் ஒன்றுக்கும் ஆங்கிலப் பெயர் தெரியாது. பேராசிரியர் ஆங்கிலத்தில் தொடங்குவார். முக்கியமான இடம் வந்ததும், "தேகோ, சிம்பிள் ஹை" என்று இந்திக்குத் தாவிவிடுவார். அந்தச் சிம்பிள் என்ற சொல் மட்டும் எனக்கு நன்றாகப் புரியும்.

முதல் செய்முறை வகுப்பில் ஒரு காரியம் செய்தேன். ஆய்வக வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். தலையிலிருந்த ஊசிகளை உருவிப் பையில் போட்டேன். சாக்ஸோடு உள்ளே போய் நின்றேன். யோசித்துச் செய்ததில்லை, பழக்கம். பதினெட்டு முடிந்த கோடையில் அம்மாவோடு நானும் இரண்டு மாதம் ஆலைக்குப் போயிருக்கிறேன். பொடி இருக்கும் அறைக்குள் செருப்பு கூடாது, ஊசி கூடாது. காலில் ஒட்டிவந்த மணல் உரசிப் பொறி பறந்தால் போதும், மிச்சத்தை மற்றவர்கள்தான் வந்து பொறுக்க வேண்டும். இங்கேயோ ஆய்வக மேடம் என் காலைப் பார்த்துப் பதறிப்போனார்.

"யே மந்திர் நஹி ஹை, பேட்டா! ஷூஸ் பெஹ்னோ!"

இது கோயில் இல்லையாம், ஷூவைப் போட வேண்டுமாம். காலில் அமிலம் கொட்டினால் என்ன ஆகும் என்று வேறு கேட்டார். என் ஆய்வக ஜோடி ரிதிமா, துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வருகிறவள், அன்றே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்: சௌத் பெண்கள் லேபைக்கூடக் கும்பிடுகிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பக்தை என்ற பட்டம் சும்மா வந்தது, எதற்கு விடுவது?

உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் ரிதிமாவின் மேசையில் இருந்தது. அவள் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு. மோல் கணக்கை மெதுவான இந்தியில், என் தலைக்குள் இறங்கும்வரை, தினமும் கேன்டீனில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி. அவளை இழக்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

தீபாவளி வந்தது. இந்த வகை வெடிக்கலாம், அந்த வகை கூடாது என்றார்கள். ஊர் எல்லாவற்றையும் வெடித்தது. மறுநாள் காலை புகையில் விடுதிக்கு எதிர்க் கட்டிடத்தையே காணவில்லை. ரிதிமா நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் கம்மிய குரலோடு வந்து, பட்டாசு செய்கிறவர்களை எல்லாம் பிடித்து ஜெயிலில் போட வேண்டும் என்றாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. வாங்கிக் கொளுத்தினது யார், சிவகாசியா? இத்தனை கார்ப் புகை யார் வீட்டுப் புகை? கேட்டிருப்பேன். ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்க அவள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

அந்த வாரம் சுடர்ச் சோதனை. பெயர் தெரியாத உப்பை அமிலத்தில் குழைத்து, கம்பி நுனியில் தொட்டு, பர்னர் சுடரில் காட்ட வேண்டும். காட்டினோம். பச்சை எழும்பியது. ரிதிமா அட்டவணையைப் புரட்டுவதற்குள், "பேரியம்" என்றேன். மேடம் "குட்!" என்றார். எப்படித் தெரியும் என்று ரிதிமா கேட்டாள். பள்ளிக்கூடத்தில் செய்திருக்கிறேன் என்றேன். பச்சைப் பொய். எங்கள் பள்ளி ஆய்வகத்தின் பூட்டை நான் பார்த்திருக்கிறேன், உள்ளே பார்த்ததில்லை. பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் என்பது எங்கள் தெருப் பேச்சு. பட்டாசில் அந்தப் பேரியத்துக்குத்தான் இப்போது தடை. அன்று பெருமையாகவும் இருந்தது, திருடியதுபோலவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு நோட்டு எழுத ரிதிமா வீட்டுக்குப் போனேன். அவள் முகத்தில் நெபுலைசர் முகமூடி. அந்நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"ஏத்தா, சாப்பிட்டியா? அங்கன நல்லா வெடி போட்டாகளா?"

தீபாவளிக்குப் பிறகு ஆலையை மூடுவார்கள். எப்போது திறப்பார்கள் என்பது வடக்கே எவ்வளவு விற்றது என்பதைப் பொறுத்தது. திறந்தால்தான் அம்மாவுக்கு வேலை, எனக்குப் படிப்பு.

"போட்டாங்கம்மா. நிறைய."

"நல்லாருக்கட்டும் புள்ளைக!" என்றாள் அம்மா. அப்படி ஒரு நிம்மதி அந்தக் குரலில்.

ரிதிமா முகமூடியை விலக்கினாள். "ஆன்ட்டி க்யா பூச் ரஹி ஹைன்?"

அம்மா என்ன கேட்கிறாள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது, வெட்கமாக இருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன்: அம்மாவின் வேலை, கழற்றிய ஷூ, பேரியம். நெபுலைசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விடலாம் என்று நோட்டை மூடினேன்.

"ஆன்ட்டி கோ பி கான்ஸி ஹோத்தி ஹை?" என்றாள்.

அம்மாவுக்கும் இருமல் உண்டா என்று கேட்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

"இருமலா? அது இங்க ஆருக்குத்தான் இல்ல? ஏன், யாரு கேக்கா?"

"என் ஃப்ரெண்டும்மா. அவளுக்கும் இருமல்."

"அய்யோ பாவம். பால்ல மெளகத் தட்டிப் போட்டு, பனங்கல்கண்டு சேத்துக் குடிக்கச் சொல்லுத்தா."

சொன்னேன். ரிதிமாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. அதைக் கேட்டு, "பாத்தியா, பாத்தியா" என்று சொல்ல வந்த அம்மாவும் இருமத் தொடங்கினாள். போனை நடுவில் பிடித்துக்கொண்டு, யாரை முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.